குனிந்தால் தெரிந்த கண்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ இருந்தபோது பேச வேண்டியதை இப்போது எழுதுகிறேன், வெட்கங்கெட்டவன்.

நேற்று போடியில் கண் டாக்டரிடம் போனேன். எனக்கும் நாற்பத்தாறு ஆகிவிட்டது. மல்லாந்து படுத்து போனைத் தூக்கிப் பிடித்தால் எழுத்து கலங்குகிறது, உட்கார்ந்து குனிந்தால் கொஞ்சம் தெளிகிறது. இதைத்தான் டாக்டரிடம் சொன்னேன். இதே பேச்சை உன் வாயால்தானே முதலில் கேட்டேன்?

போடிமெட்டுக்கு மேலே அந்த ஏலக்காய்த் தோட்டத்தில் நான் சூப்பர்வைசர், நீ காய் எடுக்கும் ஆள். கண்ணைக் காட்டிவர ஒரு நாள் லீவு கேட்டாய். “மல்லாக்கப் படுத்து பேத்தியத் தூக்கிப் பிடிச்சா மூஞ்சி கலங்குதுடா தம்பி. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது” என்றாய். செடியின் தூரில் குனிந்து, பிஞ்சு ஒன்றுகூடக் கலக்காமல் காய் எடுக்கிறவள் நீ. உனக்கா கண் தெரியாது என்று நினைத்தேன். அக்காவுக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

உன்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முகத்துக்கு நேரே ஒரு காயை நீட்டினேன். பிஞ்சா, விளைந்ததா என்று கேட்டேன். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. “குனிஞ்சா தெரியுமாம், நிமிந்தா தெரியாதாம். லீவுக்கு நல்லா நடிக்கிறக்கா” என்றேன். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ கூடையை எடுத்துக்கொண்டு செடிக்குள் போய்விட்டாய்.

அதன்பின் நீ லீவே கேட்கவில்லை. உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் கொதித்த நாலு நாளும் வேலைக்கு வந்தாயே, ஏன் அக்கா? அதையும் நடிப்பு என்பேன் என்றா?

நேற்று நான் சொன்னதைக் கேட்டு டாக்டர் சிரிக்கவில்லை. “கண்ணுக்குள்ள இருக்குற லென்சு, குனிஞ்சா தன் எடையில லேசா முன்னால வரும், கிட்டக்க உள்ளது கொஞ்சம் தெளியும். மல்லாந்தா பின்னால போயிரும். நாப்பதத் தாண்டி பார்வை தளரும்போது சிலருக்கு அந்தத் துளி வித்தியாசமே பெருசாத் தெரியும். கண்ணாடி போட்டாச் சரியாப் போகும்” என்றார். அவ்வளவுதான். ஒரு கண்ணாடி, அதற்கு ஒரு நாள் லீவு.

உன் மகள் என்னோடு பேசுவதில்லை. அவளிடம் போய் லென்சு, எடை என்று விளக்கினால் நீ திரும்பி வந்துவிடுவாயா?

நாளைக் காலை ஜீப்பில் மேலே போகிறேன். அந்தப் பெண்களை நிறுத்தி வைத்து, என் அக்கா பொய் சொல்லவில்லை என்று சொல்வேன். இனி உடம்புக்கு முடியவில்லை என்று யார் வந்து நின்றாலும் சோதித்துப் பார்க்க மாட்டேன், முதல் ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்புவேன். இது சத்தியம் அக்கா. உனக்கு உதவாத சத்தியம்.

உன்னை நம்பாத,
உன் கூடப்பிறந்த தம்பி