இத்தாலி வண்டியின் இடப்பக்கம்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் என்னோடு சண்டையில் இருக்கிறது.

உன் வண்டி நேற்று மதியம் லாரியில் வந்து இறங்கியது. ஷெட்டில் கிடந்த பீரோவை வெளியே தள்ளி இடம் பண்ணினேன். லாரி டிரைவர், "இதை எங்கம்மா பிடிச்சீங்க?" என்று வாயைப் பிளந்தார். அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். கரும்பச்சை நிறம், இரண்டே கதவு. பின்சீட்டில் கைப்பையை வைக்கலாம், மனுஷர் உட்கார முடியாது.

ஆனால் இது நாலு மணி நேர ரோடு. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், ஊருக்கே ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தருகிறவன், சொந்த வண்டியை ஏன் லாரியில் அனுப்புகிறாய்? பதிலை வீட்டுக்கு எழுதாமல் ஸ்கூலுக்கு எழுதச் சொல்வது ஏன்? கேட்டால், இருபது வருஷத்தில் இது கிளாசிக் ஆகிவிடும், மூடி வை என்கிறாய். டேய், நான் பத்தொன்பது வருஷமாக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுகிறவள். பழைய வண்டியை ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் எழுப்பி உட்கார வைக்கலாம். இதற்குள் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறதோ, ஒன்று செத்தால் கதவுகூடத் திறக்காது.

போனில் சிரித்து மழுப்புகிறாய். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 14

என் சந்தேகச் சிகாமணி அக்காவுக்கு,

உன் முழங்காலும் உன்னைப் போலத்தான், யாரையும் நம்பாது. டாக்டரிடம் காட்டு.

ஓட்டி வந்தால் கிலோமீட்டர் ஏறும். கிளாசிக் தேடுகிறவன் முதலில் குனிந்து பார்ப்பது மீட்டரைத்தான். லாரிக்கு வேறு காரணம் இல்லை.

கையால் கியர் போடுகிற இந்த மாதிரி இரண்டு கதவு கூப்பேயை அந்த இத்தாலிக் கம்பெனி இனி செய்யப் போவதில்லை. வரப்போவதெல்லாம் பாட்டரி வண்டி. இந்த எஞ்சின் நாலாயிரம் சுற்றைத் தாண்டும்போது ஒரு சத்தம் போடும் பார், அதைக் கேட்க நாளைக்கு ஆட்கள் அலைவார்கள். கம்ப்யூட்டர் செத்தால் அதைச் சரி பண்ண ஒருத்தன் பிறந்து வருவான். உன் பழைய வண்டிகள் புதுசாக வந்தபோதும், "இதெல்லாம் நிக்காது" என்று எவனுக்காவது ஓர் அக்கா சொல்லியிருப்பாள்.

வீட்டில் அவளுக்கு இந்த வண்டியே ஆகாது. விற்றுவிட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். காட்டிக் கொடுக்காதே.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை எஞ்சினைப் போடு. ஓட்ட மட்டும் ஓட்டாதே.

அன்புடன்,
தம்பி

மார்ச் 2

தம்பி,

கட்டியவளிடம் விற்றுவிட்டதாகச் சொல்கிறாய், என்னிடம் பொக்கிஷம் என்கிறாய். இரண்டு பேரிடம் இரண்டு கதை சொல்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்துவிட்டு, பெயின்ட் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். கோபப்படு, பரவாயில்லை. வலப்பக்கம் முழுக்கக் கம்பெனி பெயின்ட். இடப்பக்கம் கதவு, பின்சக்கரத்துக்கு மேலே, முன் பம்பர் மூலை, மூன்றும் திரும்ப அடித்தது. அதுவும் ஒரே நாளில் இல்லை, ஒவ்வொன்றும் வெவ்வேறு சமயத்தில் அடித்தது. ஒன்றின் பச்சை மற்றதோடு சேரவில்லை.

அதைவிட ஒன்று. இடப்பக்கக் கண்ணாடியில் கடையில் விற்கிற சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றைப் பிசின் போட்டு ஒட்டியிருக்கிறாய். கிளாசிக் ஆகப்போகிற வண்டியில் எவனாவது பிசின் தடவுவானா? நீ கண்ணாடியைத் துடைக்கக்கூடத் தனித் துணி வைத்திருக்கிறவன்.

யாரையாவது இடித்துவிட்டு வண்டியை என் ஷெட்டில் ஒளித்து வைத்திருக்கிறாயா? சொல்லிவிடு.

அக்கா

மார்ச் 9

அக்கா,

யாரையும் இடிக்கவில்லை. ஸ்கூல் வாசல் கேட் குறுகல், உரசியது, அவ்வளவுதான். கூடப் பிறந்தவன்மேல் மிஷின் வைத்துப் பார்க்கிற அக்கா எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள். நம்பிக்கை இல்லையென்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடு.

தம்பி

மார்ச் 15

என் கண்ணு,

நேற்று அந்த வண்டியில் நீ உட்காருகிற சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதையும் நகர்த்தவில்லை, நீ வைத்தபடியே பார்த்தேன். இடக் கண்ணாடியை அளவுக்கு மீறி வெளியே திருப்பியிருக்கிறாய். உள்கண்ணாடியும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எனக்குச் சாலையின் பாதி தெரியவில்லை. தலையை முழுக்க இடது பக்கம் திருப்பிப் பார்க்கிறவனுக்குத்தான் அது சரியாக இருக்கும்.

அப்புறம் மூன்று காயத்தையும் டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து ஒரே உயரம். கேட் தூண்தான், நீ சொன்னது நிஜம். ஆனால் தினமும் நுழைகிற கேட்டில் ஒருத்தன் மூன்று தடவை இடிப்பானா? கவனம் இல்லாதவன் இரண்டு பக்கமும் இடிப்பான். நீ இடப்பக்கம் மட்டும் இடித்திருக்கிறாய்.

உனக்கு இடப்பக்கம் தெரிகிறதா?

நான் தப்பாக இருந்தால் வந்து என் கன்னத்தில் அறை. ஆனால் சரியாக இருந்தால், படிக்க வருகிறவர்கள் பக்கத்தில், இடது சீட்டில், சொல்லித் தருகிறவனுக்கென்று வைத்த அந்த இன்னொரு பிரேக்கில் கால் வைத்து நீ உட்கார்ந்திருக்கிறாய். நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் போவது உன் இடப்பக்கம்தான். நாளையிலிருந்து உட்காராதே. மாதக் கடைசிக்குள் பயிற்சியாளர் லைசென்ஸைத் திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் நான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதுவேன், தம்பி என்று பார்க்க மாட்டேன்.

உன் வீட்டில் நான் சொல்லப்போவதில்லை. அதை நீதான் சொல்லவேண்டும்.

உன் அக்கா

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

கையெழுத்து வேறு என்று உடனே சந்தேகப்படாதே. உன் தம்பி பெண்டாட்டி எழுதுகிறாள், நான் சொல்கிறேன். "அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதணும், கொஞ்சம் உட்காரேன்" என்று கூப்பிட்டேன். "உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்றாள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படியென்றால் வரும் என்று நினைத்தேன்.

நீ கண்டுபிடித்தது சரி. கண்ணில் பிரஷர். இடக்கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது, வலதும் குறைகிறது. டாக்டர் சொல்லிப் பதினாலு மாதம் ஆகிறது. வண்டியை விற்கவில்லை, அக்கா வீட்டு ஷெட்டில் இருக்கிறது. பாதியில் நிறுத்தாதே, எழுது.

உன் கடிதம் கிடைத்த பிறகும் நான் போனேன். இருக்கிற மாணவர்களை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். மார்ச் 27ஆம் தேதி ஒரு நர்ஸ் ஓட்டினாள். சடாரென்று அவளே பிரேக் போட்டாள். "ஏம்மா நிறுத்தின?" என்று கேட்டேன். "சார், சைக்கிள்ல ஒரு அம்மா" என்றாள். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மறுநாள் லைசென்ஸைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சொன்னது மட்டும் பொய்யில்லை. அது கிளாசிக் ஆகும், நிஜமாகவே நம்புகிறேன். இருபது வருஷம் கழித்து யாராவது ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்கிறேன்.

அண்ணி, இதுவரை அவர் சொன்னது. இனி நான்.

எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் அழுவதைப் பார்க்கிறாரா, இல்லை அதுவும் தெரியவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரிடம் பேச ராத்திரியெல்லாம் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை இப்போதுதான் அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மார்ச் 15. அன்றிலிருந்து தினமும் காலையில் சாப்பாடு கட்டி, "பாத்துப் போங்க" என்று சொல்லி அந்த சீட்டுக்கு அனுப்பி வைத்தது நான். அந்தச் சைக்கிள்காரம்மா விழுந்திருந்தால் அதில் என் கையும் இருந்திருக்கும், எனக்கே தெரியாமல்.

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்படுகிறீர்களே அண்ணி, இவர் சொன்ன பேச்சைக் கேட்பார் என்று மட்டும் எப்படி நம்பினீர்கள்?

உங்கள் தம்பி மனைவி