டீ போட்டுக் கொடுத்த கால்

என்னங்க,

பதினோரு மணிக்கு அந்த இன்சூரன்ஸ்காரர் மறுபடி வருகிறார். நான் வக்கீலிடம் போகிறேன். சோறு குக்கரில், சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள்.

போன தடவை அவர் "எப்படி இருக்கீங்க சார்?" என்றதும், கார் மோதித் தொடையில் கம்பி வைத்திருக்கிற நீங்கள், "நல்லா இருக்கேன், உட்காருங்க" என்று நொண்டிக்கொண்டே போய் டீ போட்டுக் கொடுத்தீர்கள். குடித்துவிட்டு, "தானாக நடக்கிறார், வலி இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நஷ்ட ஈடு பாதியாகிவிட்டது! எங்கள் அப்பா கடையில் வாங்க வந்தவன்தான் விலையைக் குறைப்பான். விற்கிறவனே குறைத்ததை உங்களிடம்தான் பார்த்தேன்.

கதவைப் பூட்டவில்லை, அவரே திறந்து வரட்டும். அவர் போகும்வரை கட்டிலைவிட்டு எழுந்திருக்காதீர்கள். பாத்ரூமுக்கு என் தோளைப் பிடித்துப் போவதைச் சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் கூடவே கூடாது.

வீட்டிலிருந்த பேனாவெல்லாம் என் பையில்.

காலையில் கத்தியது அந்த ஆள்மேல் இருந்த கோபத்தில். உங்கள்மேலும் இருக்கிறது, அதை வந்து பேசிக்கொள்கிறேன்.