இலையில் இருந்த எட்டுக் கால்

மார்ச் 3

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே, செடி விஷயம். இரண்டு வருஷமாகப் பேசாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்பாய். பயிர்ப் பூச்சி ஆய்வகத்தில் தம்பி இருக்கும்போது நான் வேறு யாரிடம் போய் நிற்பேன்?

என் ஆர்க்கிட் இலைகளில் மறுபடியும் வெள்ளி வெள்ளியாகப் புள்ளிகள். பூச்சிமருந்து மூன்று தடவை அடித்தாயிற்று. அடிக்க அடிக்கக் கூடுகிறது!

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள். விழும் தூசி நகர்ந்தால், லென்ஸ் வைத்துக் கால்களை எண்ணுங்கள். பூச்சிக்கு ஆறு கால்தான்; எட்டு இருந்தால் அது பூச்சியே இல்லை, சிலந்திப்பேன். நீங்கள் அடித்த மருந்து அதைக் கொல்லாது, அதைத் தின்னும் நல்ல பேன்களைத்தான் கொல்லும். மருந்தை நிறுத்துங்கள். இலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும், அதனால் ஐந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை.

தம்பி

மார்ச் 27

தம்பி,

செடிகள் பிழைத்துக்கொண்டன. எப்போதிலிருந்துடா நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? படித்ததும் சுருக்கென்றது.

எட்டுக் கால்தான். எண்ணிவிட்டு, பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்தேன். உன் மனைவி தான் வளர்த்த ஆர்க்கிட்டை என்னிடம் நீட்டுகிறாளே, அது. பின்னால் ஜன்னலோரம் என் செடிகள். அவற்றில் அப்போதே புள்ளி! அவள் வாசலில் கால் வைக்கும் முன்பே என் வீட்டில் அது இருந்திருக்கிறது. அடுத்த வாரம் நீங்கள் வந்தபோது, அவள் கண்ணெதிரே அவள் தந்த செடியைக் குப்பையில் போட்டு, "வந்ததும் வராததுமா என் வீட்டுக்குப் பீடையைக் கொண்டுவந்துட்டியே" என்று கேட்டேன். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணை! இந்த நாக்கை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "பாவம் அண்ணி, தெரியாமத்தானே சொன்னாங்க" என்றாள்.

அதன் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீ அவளைத் திட்டிய அன்றைக்கு, உன் ஜன்னலோரத்தில் அந்த இலைகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். சிலந்திப்பேன் என்றும் தெரியும், பல வாரம் முன்பே வந்தது என்றும் தெரியும். என் பிழைப்பே அதுதானே. அக்காவை எதிர்த்துப் பேசுவானேன், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மரம் மாதிரி நின்றேன். அவள் உன்னைப் பார்க்கவில்லை அக்கா, என்னைத்தான் பார்த்தாள். அப்புறம் இரண்டு வருஷம், உன் மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "தெரியாம திட்டினவங்க வீட்டுல கொஞ்ச நாள் இருந்துக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் வருகிறாள், பெட்டியோடு. எப்போது திரும்புவாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயும் கேட்காதே.

தம்பி