நூற்றில் ஓடாத ஒன்று

அன்புள்ள குட்டிக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனில் நீ சொன்னது இரண்டு நாளாக மனத்தில் கிடக்கிறது. "ஒரு கையெழுத்துதானேப்பா, போட்டுட்டு நிம்மதியா இருங்களேன்" என்றாய். போனில் எனக்குப் பேச வராது. எழுதுகிறேன். கோப்பைப் பந்தயம் இந்த வருடம் நூறாவது என்று குதிரைக் கிளப்பில் வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். முதல் வருடம் நான்கே குதிரைகள், வேலிகூடக் கிடையாது, புல்வெளியில் ஒரு கயிறு. போர்க்காலத்தில் பாதி லாயம் காலி, அப்போதும் ஓடியது. ஒரு வருடம் அப்படியொரு சேறு. ஜெயித்த குதிரையின் நிறம் கழுவிய பிறகுதான் தெரிந்தது. எல்லாம் உண்மை. எனக்கும் பெருமைதான். ஆனால் நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தைய பக்கம் பொய். ஒன்பது குதிரைகள் சீறிப் பாய்ந்தன என்று போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றின் மேல் நான் இருந்தேன். மழையே இல்லாத வருடம். தரை கல். அன்றைக்கே எங்களுக்கு முந்தைய பந்தயத்தில் ஒரு குதிரை முன்கால் முறிந்து விழுந்தது. ஓட்டியவன் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் எடை பார்த்து, ஏறி, தொடங்கும் இடம்வரை போனோம். எங்களில் மூத்தவர் இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக. நான் கடைசி, மறைக்கமாட்டேன், பயமாக இருந்தது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பது பேரும் நடந்தே திரும்பினோம். சாயங்காலம் கமிட்டி கூடி, ஜெயிக்கும் என்று எல்லாரும் நினைத்த குதிரைக்கே கோப்பையைக் கொடுத்துவிட்டது. எங்களுக்கு இரண்டு வருடத் தடை.

அந்த வருடத்தைக் கழித்தால் நூறு வராது. தொண்ணூற்றொன்பது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அந்த ஒன்பது பேரில் இளையவன் நான், இப்போது மிச்சமும் நான்தான். அதனால் 'நேரில் கண்டவர்' என்று என் கையெழுத்து வேண்டுமாம். கிளப் செயலாளர், நான் ஜாக்கிகளை நிறுக்கும் எடை அறைக்கே வந்தார். "பெரியவரே, இதையெல்லாம் யாரு படிக்கப்போறா?" என்றார். "யாரும் படிக்கமாட்டாங்கன்னா ஏன் சார் அச்சடிக்கிறீங்க?" என்றேன். சேணத்தோடு தராசில் நின்ற ஜாக்கி சிரித்ததில் முள் ஆடிவிட்டது. அசையாமல் நில் என்றேன். செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப வெள்ளிக்கிழமை குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துடுங்க" என்றார். அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இறங்கறதுலதான் கடைசியா நின்னீங்க. இதுலயாவது முந்திக்குங்க" என்றாள்.

முந்திக்கொண்டேன். அந்தப் பக்கத்தின் கீழே பேனாவால் 'பந்தயம் நடக்கவில்லை, ஒன்பது பேரும் இறங்கிவிட்டோம்' என்று எழுதி, அதற்கடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அச்சில் வருமா, தெரியாது. நூறு என்று அவர்கள் பட்டாசு வெடிக்கட்டும். நான் சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

நீ அழாதே, எங்களுக்காக யாரிடமும் பேசவும் பேசாதே. குழந்தை ஆயுசோடு இருக்கட்டும், உன் வீடு நிறைந்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே: இனி இந்த முகவரிக்கு எழுதவேண்டாம். சித்தி வீட்டு மாடிக்குப் போகிறோம். புது விலாசம் உறையின் பின்னால்.

உன்
அப்பா