கடல் மட்டும் உள்ள படம்

7 செப்டம்பர் 1932, புதன்

ரப்பர் விலை விழுந்ததில் இன்னொரு துரை ஊருக்குக் கப்பலேறுகிறார். பினாங்கு நார்த்தாம் ரோட்டிலுள்ள அவர் பங்களாச் சாமான்கள் சனிக்கிழமை லெலாங், ஏலம். இன்று பார்வைக்குத் திறந்துவைத்திருந்தார்கள். தையல் மெஷின் இருக்கிறதாம், பார்த்து வரச் சொல்லி என் மனைவி ஹாஜரா அனுப்பினாள். "காலால மிதிக்கிறதா பாருங்க. கை மெஷின் வேணாம்."

பார்த்தேன். நல்ல மெஷின்தான். அப்புறம் மாடிப்படித் திருப்பத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மெஷின் என்ன நிறம் என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது.

கித்தான் துணியில் எண்ணெய்ச் சாயத்தால் வரைந்த கடல், அவ்வளவுதான். ஆனால் நம் கடல்! கெடா மலைப் பக்கம் மேகம் இறங்கிவிட்டது, மழை இன்னும் இக்கரைக்கு வரவில்லை — அந்தக் கொஞ்ச நேரம். தண்ணீரெல்லாம் ஈயமாகிவிடும், ஓரிடத்தில் மட்டும் பச்சை நிற்கும். வெல்ட் கீ கப்பல்துறையில் கப்பல் சாமான் கடை போட்ட நாளிலிருந்து, கயிறு அளந்துகொண்டே அந்தப் பச்சையைப் பார்த்துவருகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. என்னவென்று சொல்வது?

இன்னொருவனும் பார்த்திருக்கிறான். யாரென்று தெரியவில்லை. பெயர்கூடப் போடாமல் போயிருக்கிறான்.

8 செப்டம்பர்

கடையில் என் கூட்டாளி சுலைமானிடம் சொன்னேன். "படமா? பள்ளிவாசல் கமிட்டில இருந்துக்கிட்டா, அஜீஸ் காக்கா?" என்றான். போன ரம்ஜானில் சீனி முகம்மதின் சாப்பாட்டுக் கடைச் சுவரிலிருந்து மயில் படத்தை இறக்கச் சொன்னது நான்தான் என்பதையும் ஞாபகப்படுத்தினான்.

"மயிலுக்கு உசிர் இருக்குப்பா, உசிருள்ளதோட உருவம்தான் ஆகாது. இதுல ஆள் இல்ல, ஆடு மாடு இல்ல. வெறும் தண்ணி."

நன்றாகத்தான் சொன்னேன். ஹாஜராவிடமும் இதையே சொல்ல வேண்டும்.

10 செப்டம்பர், சனி

வாங்கிவிட்டேன்.

எதிர் வரிசையில் லிம் தவுக்கே, பிஸ்கட் ஃபாக்டரிச் சீன முதலாளி. நான் ஏற்ற ஏற்ற அவரும் ஏற்றினார். இந்த மனிதருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு வெறி. நான் எதையோ தெரிந்துகொண்டு கேட்கிறேன் என்று அவருக்குச் சந்தேகமாம். ஏலக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்க நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சுத்தியல் என் பக்கம் விழுந்தது.

வெளியே வந்ததும் தவுக்கே மலாயில் கேட்டார்: "படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தை எனக்குக் கொடுத்துவிடுகிறாயா? படம் எனக்கு வேண்டாம்." அவர் அப்பாவின் உருவத்தைப் பெரிதாக எழுதுவித்து வைத்திருக்கிறாராம். அந்த அளவில் தங்கச் சட்டம் பினாங்கில் வேறு எங்கும் கிடைக்கவில்லையாம்.

ஒரு வார்த்தை முன்னாலேயே பேசியிருந்தால் — சரி, போகட்டும். நாளைக்கு ஆசாரியை அனுப்பிச் சட்டத்தைக் கழற்றிக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டில் ஹாஜரா கேட்டாள்: "மெஷின் எங்க?"

மெஷினை எப்போது கூவினார்கள், யார் எடுத்தார்கள், எதுவும் என் காதில் விழவில்லை. அதையா சொல்வது? "விலை ஏறிப்போச்சு. கடல் படம் ஒண்ணு எடுத்தேன், கடையில இருக்கு" என்றேன்.

"தண்ணிய வாங்கிட்டு வந்தீங்களாக்கும். வாசல்ல நின்னா சும்மாவே தெரியுது லா."

11 செப்டம்பர், ஞாயிறு

கடையின் பின்கட்டில் வைத்து ஆசாரி சட்டத்தைக் கழற்றினான். படம் சட்டத்தைவிடப் பெரிது. பொருந்துவதற்காக எவனோ ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஆணி அடித்திருக்கிறான். ஆணிகள் கழன்று வந்ததும் மடிப்பு மெல்ல விரிந்தது.

உள்ளே ஒரு பெண்.

படகுத்துறை ஜெட்டியின் விளிம்பில் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். கைலி, கெபாயாச் சட்டை, கொண்டை, இடுப்பில் கூடை. அவள் முகம் திரும்பியிருக்கும் திசையில்தான் அந்தப் பச்சை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. நான் வாங்கியது பாதிப் படம்.

சுலைமான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "வெறும் தண்ணின்னீங்க?"

12 செப்டம்பர்

மறுபடி மடித்துப் பார்த்தேன். சாயம் உதிர்கிறது. விரித்துவிட்டேன்.

16 செப்டம்பர், வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது சீனி முகம்மது பிடித்துக்கொண்டார். "காக்கா, படம் வாங்கினீங்களாமே?"

"கடல் படம்."

"கடல் மட்டுமா?"

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தேன். "வந்து பாக்கலாமா?" என்றார். "இன்னும் காயணும்" என்றேன். எந்தக் காலத்துச் சாயமோ அது. காயணுமாம்!

இதற்கெல்லாம் சுலைமானிடம் ஒரே பதில்தான். கடை நிறையக் கப்பல் பெயிண்ட் இருக்கிறது, ரெண்டு இழுப்பில் மறைத்துவிடலாம். பிரஷை எடுத்தேன். சாம்பல் பெயிண்ட் டின்னையும் திறந்தேன். எதிரே அவள் முதுகு. பின்னால் ஆள் வருவது தெரியாமல் நிற்கிற பெண்ணைப் போய்... என்னால் முடியவில்லை. டின்னை மூடிவிட்டேன்.

20 செப்டம்பர்

கடைப் பக்கமே வராத ஹாஜரா இன்று வந்தாள். யார் சொன்னார்களோ, சுலைமானாகத்தான் இருக்கும். நேரே பின்கட்டுக்குப் போய் மூடியிருந்த துணியை விலக்கினாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சட்டத்தக் கழட்டினப்பதான் தெரிஞ்சிச்சு, அல்லாஹ்மேல ஆணையா —"

"சும்மா இருங்க. கூடையில என்ன வச்சிருக்கா?"

எத்தனையோ தடவை பார்த்தேன், அதை மட்டும் யோசிக்கவில்லை. "மீனா இருக்கும்."

"மீன்னா இப்பிடி இடுப்போட அணைப்பாளா? சொட்டச் சொட்ட ஒழுகும். துவைச்ச துணி லா. காயப்போடற நேரத்துல மழை வருது. அவ கடலயா பாக்கறா? மானத்தத் திட்டுறா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வலித்தது. ஆனால் மறுபடி பார்த்தபோது அந்தத் தோள் கோபத் தோள்தான்.

"உருவம் ஆச்சே, ஹாஜரா?" என்று நானே கேட்டேன்.

"முகம் எங்க இருக்கு? முகம் இல்லாதது உருவத்துல சேராதுன்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. உங்க கமிட்டில கேட்டுப் பாருங்க."

ரிக்‌ஷா கூப்பிட்டாள். படத்தைத் தன் பக்கத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

23 செப்டம்பர், வெள்ளி

சீனி முகம்மதிடம் நானே போய், வேண்டுமானால் மயிலைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்றேன். "மயிலுக்கு முகம் இருக்கே, காக்கா" என்றார். கிண்டலா, நிஜமா? முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் போயிருக்கிறது.

19 நவம்பர், சனி

படம் பெண்கள் உட்காரும் உள்கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்த அறைக்குள் ஆண்கள் போவதில்லை, நான் உள்பட. சனிக்கிழமை தவறாமல் ஹாஜராவின் சிநேகிதிகள் வந்துவிடுகிறார்கள். படத்துப் பெண் மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்து நிற்கிறாள் என்கிறாளாம் சலேஹா. கூடையில் இருப்பது துணியே இல்லை, தூங்குகிற குழந்தை என்கிறாளாம் ரோஹானா. கடலைப் பற்றி இதுவரை ஒருத்தியும் எதுவும் சொன்னதாகத் தகவல் இல்லை.

இன்று திரைக்கு வெளியே நின்று இருமினேன்.

"என்ன வேணும்?" ஹாஜராவின் குரல்.

"ஒண்ணுமில்ல. படத்தக் கொஞ்சம் பாக்கணும்."

உள்ளே கொல்லென்று சிரிப்பு.

"இப்ப எப்பிடிங்க? அசருக்கு அப்புறம் வாங்க லா."

பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் போனேன். வாசலில் பெண்களின் செருப்புகள் முன்னைவிடக் கூடியிருந்தன.