அக்கா பாட்டை அறுபதுக்கு இறக்கினது

12, செவ்வாய்
காலையிலிருந்து மூடுபனி. துணி காயல. அக்கா மக சுமதி ஈப்போவிலிருந்து வந்துட்டா. திருவிழா முடியுற வரைக்கும் லீவு. அவ லேப்டாப்புல அக்கா பாட்டு இருக்கு, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி திருவிழாவுல சுமதி ஹேண்ட்போன்ல பிடிச்சது.

கரகம் ஆத்திலிருந்து கோயிலுக்கு ஏறும்போது அக்காதான் பாடுவா. போன வருசம் அக்கா போயிட்டா, சாவு வீடு, நாங்க போகல. வெறும் மேளத்தோட ஏறிச்சாம். இந்த ஞாயிறு நான் பாடுறேன்னு கோயில் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் பயம். பாட்டுல மூணு அடிக்கு மேல தெரியாது. வருசா வருசம் பக்கத்துல நடந்தவ, காது கொடுத்துக் கேட்டதே இல்ல. அக்காவும் எழுதி வைக்கல.

13, புதன்
மழை. தேயிலைத் தோட்டத்துல வேலை பாதியில விட்டாங்க.
பாட்டை மெதுவாக்கலாமாம். வேகத்துக்கு நூறுன்னு ஒரு எண், அதைக் குறைக்கணும். சு. முதல்ல வேற எதையோ அமுக்கிட்டா. அக்கா குரல் ஆம்பிளைக் குரலா, தண்ணிக்குள்ளிருந்து பேசுற மாதிரி. ரெண்டு பேரும் சிரிச்சோம். அக்கா இருந்தா அவதான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. அப்புறம் சு. முகம் கழுவப் போனா. ரொம்ப நேரம் வரல.
பிறகு சரி பண்ணிட்டா. அறுபதுல வச்சாலும் இப்ப அக்கா குரல் அக்கா குரலாவே.

14, வியாழன்
தானா ராத்தா டவுன்ல வாங்க: கற்பூரம், எலுமிச்சை, மஞ்சள் துணி, என் முட்டி மருந்து.
எட்டு அடியும் வந்துடுச்சு. அக்கா எங்க மூச்சு எடுக்கிறான்னு கூடத் தெரியுது. ரெண்டாவது அடி முடிஞ்சு சின்னக் குரல்ல, "பாத்து வா, வழுக்கும்." பக்கத்துல நடந்தது நான்தான். நூறுல அது கேக்கவே இல்ல.

15, வெள்ளி
எண்பதுக்கு ஏத்தணுமாம், அப்புறம் நூறு. அப்படித்தான் கத்துக்கணும் சின்னம்மாங்கிறா சு. எண்பதுல தடுமாறுது. நூறுல அக்கா முடிச்சிட்டுப் போயிடுறா, நான் ஆறாவது அடியில நிக்கிறேன். கொழுந்து எடுக்கும்போதும் இப்படித்தான். அவ நிரை முடிச்சு மேட்டுல நிப்பா, நான் பாதியில.
சு. குளிக்கப் போனதும் நானே அறுபதுக்கு இறக்கிட்டேன். நூறுல மூணு நிமிசம். அறுபதுல அஞ்சு. ரெண்டு நிமிசம் கூட இருக்கா.

16, சனி
திரிங்காப்பிலிருந்து பூ லோரி வந்துச்சு. சரம் கட்டினோம். விரலெல்லாம் மஞ்சள்.
ஒத்திகை. உறுமி அடிக்கிற வேலு ரெண்டு தடவை நிறுத்திட்டான். "அத்தை, கரகம் ஏறுதா, தூளி ஆடுதா?" எல்லாரும் சிரிப்பு. நானும். வேகமாப் பாடிப் பாத்தேன், அடி மறந்து போச்சு. தலைவர் திட்டல. முடியலன்னா மேளத்தோடயே ஏத்திடலாம் லா, போன வருசம் மாதிரின்னார்.


17, ஞாயிறு
மழை இல்ல. பாடினேன். அறுபதுலதான்.
வேலு வேகமா இழுத்துப் பாத்தான். நான் போகல. கரகம் சுமந்த மாரிமுத்து அண்ணன் கால் என் பாட்டுக்கு வந்துடுச்சு. கரகம் நடக்கிறபடிதான் மேளம், அதை மாத்த முடியாது. வேலுவும் இறங்கி வந்தான். வழுக்குற இடத்துல வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேன், பாத்து வான்னு. எட்டு அடியும் ஆச்சு.
கோயில் வாசல்ல அண்ணன்: "இன்னிக்குத்தான் தாயி மூச்சு இரைக்காம ஏறினேன். உங்க அக்கா ஓட வச்சிடுவா."

18, திங்கள்
சு.வுக்கு மத்தியானம் பஸ். மாங்கா ஊறுகாய் கட்டிக் கொடுத்தேன்.
நேத்து நான் பாடினதையும் பிடிச்சிருக்கா. அக்கா பாட்டோட சேர்த்து ஒன்னா வைக்கப் போறாளாம். என்னோடதை வேகமாக்கினா ரெண்டும் ஒரே நேரத்துல முடியுமாம்.
என்னை ஓட விடாதேன்னேன். "அவளை மெதுவா வரச் சொல்லு."
சு. அக்காவை அறுபதுக்கு இறக்கினா.
ரெண்டு தடவை கேட்டோம். பஸ் போயிருக்கும், பரவால்ல, நாளைக்குப் போகட்டும்.
கொழுந்துக் கூடை வார் அறுந்திருக்கு. தைக்கணும்.