கோலாலம்பூரில் உன்னோடு ஒரு போயா விடுமுறை

இன்று ஜும்ஆ முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே குசினியிலிருந்து ரம்பை இலை வாசம் வந்தது. உன் உம்மா தேங்காய்ப்பால் விட்டுச் சோறு ஆக்கியிருந்தா. நீ மௌத்தாகிப் போன பிறகு மாமி இந்தச் சோறு ஆக்குவது இதுதான் முதல் தடவை. உள்ளே போகாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ படித்துக்கொண்டிருந்த கோலாலம்பூரில், ரயில் நிலையத்துப் படிக்கட்டோரம் ஒரு மனிசி இலையில் பொதிந்த சோறு விற்றுக்கொண்டிருந்தா. நீ ஒரு பொதியை வாங்கிப் பிரித்து என் மூக்கருகே நீட்டினாய்.

"மோந்து பாருங்க மச்சான். எங்கட ரம்பைதான். வந்த புதுசில இத மோந்துட்டு அழுதிருக்கன்."

"இப்ப?"

"இப்ப திங்கிறன்."

அந்த வருடம் பௌர்ணமிப் போயா லீவு வெள்ளிக்கிழமையில் விழுந்திருந்தது. திங்களுக்கும் லீவு போட்டுவிட்டு, வியாழன் வேலை முடிந்து கந்தோரிலிருந்து நேராகக் கொழும்பு பஸ் ஏறினேன். அதுதான் என் முதல் விமானப் பயணம். கலியாணம் முடித்த பொம்புள தனியாக வெளிநாட்டில் படிக்கலாமா என்று கதைத்தவர்கள், நான் உன்னைக் கூட்டிவரத்தான் போகிறேன் என்று நினைத்தார்கள். நான் உன்னைப் பார்க்கத்தான் போனேன். உவர் ஏறிய நிலத்தில் நெல்லை எப்படிப் பிழைக்க வைக்கலாம் என்பது உன் படிப்பு. உன் வாப்பாவின் வயலில் ஒரு மூலை உவர் பூத்து வெளுத்துக் கிடப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நீ.

அந்த ஊரில் நீ வேறு மாதிரி நடந்தாய். ரயிலுக்கு ஓடினாய். வழி கேட்பவர்களுக்கு அவர்களின் பாஷையிலேயே பதில் சொன்னாய். ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தாய், கடந்த பிறகும் விடவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, சுற்றிவரப் பார்த்தேன்.

"ஆரத் தேடுறீங்க? இஞ்ச உங்கட சொந்தக்காரர் ஒருத்தரும் இல்ல" என்று சிரித்தாய்.

ஊரில், கல்முனை பஸாரில், நாம் அப்படி நடந்ததில்லை. பின்னாளில் ஒரே ஒரு முறை நடந்தோம், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஓட்டோ வரைக்கும். அன்று எல்லோரும் விலகி வழி விட்டார்கள். நோயாளியைப் புருஷன் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகிறான், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை பகல் பூங்காவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். உயரக் கட்டடங்களைப் பார்க்கப் போவோம் என்று நான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ ஈரமான சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்.

"மச்சான், மார்பில ஒரு கட்டி. சோதிச்சுப் பாத்தாங்க. நல்ல கட்டி இல்லையாம்."

மழைச் சத்தத்தில் பிழையாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன். திரும்பக் கேட்டேன். அதே சொற்களை அதே மாதிரிச் சொன்னாய். தனியாக இருந்து பல தடவை சொல்லிப் பழகியிருக்கிறாய் என்று அப்போது விளங்கியது.

"என்னோடயே வா. கொழும்பில காட்டுவம்."

"இஞ்சயும் டொக்டர்மார் இரிக்காங்க. மருந்தும் தொடங்கப் போறாங்க. இன்னும் ஒரு பருவம்தான், முடிச்சிட்டு வாறன்."

"படிப்புப் பெரிசா, உசிர் பெரிசா?"

நீ கோபிக்கவில்லை. "ஊருக்கு வந்தா நான் நோயாளி. பாக்க வாறவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தியே உம்மா களைச்சிருவா. எல்லாரும் என்னப் பாத்து அழுவாங்க. இஞ்ச எங்கட புரொபசர் சேர் என்னக் கண்டா நெல்லப் பத்தித்தான் கேப்பார். என்ன இஞ்ச இரிக்க உடுங்க மச்சான்."

மழை விட்டது. சனங்கள் குடையை மடக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் "ஓம், முடிச்சிட்டே வா" என்றேன்.

நீ படிப்பை முடித்தாய். பட்டத்தோடு வந்தாய், தலைமுடி இல்லாமல் வந்தாய். விவசாயக் கந்தோரில் வேலைக்கு எழுதிப் போட்டாய். நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது உன்னால் கட்டிலில் எழுந்திருக்க முடியவில்லை. உன் வாப்பாவின் வயலுக்குக் கூட்டிப் போகச் சொன்னாய். அதற்கும் காலம் கிடைக்கவில்லை.

அப்போதே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று ஜனாஸா அடக்கம் செய்த அன்றே ஒருவர் என் காது படச் சொன்னார். எங்கே வைத்தியம் செய்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று கொழும்பு டொக்டர் சொல்லியிருந்தார். சில நாட்களில் டொக்டரை நம்புகிறேன். சில நாட்களில் முடிவதில்லை.

உனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நீ இல்லாமல் நான் இருக்கிறேன். போன கிழமை மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னா: "மருமகன், உங்கட உம்மா வந்து இன்னொரு கலியாணம் பத்திக் கதைச்சிட்டுப் போறா. உங்களுக்கும் வயசிரிக்கி. நான் குறுக்க நிக்க மாட்டன்." சொல்லி முடிக்க முன்னமே அழுதுவிட்டா. "இப்ப வேணாம் மாமி" என்றேன். பிறகு எப்போது என்று அவவும் கேட்கவில்லை.

இங்கே உன்னைப் பற்றிக் கதைப்பவர்கள் எல்லோரும் பாவம் என்றுதான் தொடங்குகிறார்கள். மெலிந்த கையையும் கட்டிலையும்தான் அவர்கள் கண்டார்கள். எனக்கோ அந்தத் திங்கட்கிழமை காலை இருக்கிறது.

விமான நிலையத்துக்குப் போக முன் உன் ஆய்வுகூடத்தைக் காட்டக் கூட்டிப் போனாய். உப்புத் தண்ணீரில் வரிசை வரிசையாக நாற்றுத் தட்டுகள், பாதிக்கு மேல் கருகிக் கிடந்தன. உன் சேர் வந்து ஏதோ சொன்னார். நீ இல்லை என்றாய். அவர் தட்டைக் காட்டினார். நீ கருகாத ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரை வெளிச்சத்தில் பிடித்து, விரலை ஆட்டி ஆட்டி இங்கிலீசில் வாதாடினாய். முக்காடு நழுவியது, சரி செய்யக்கூட நேரமில்லை உனக்கு. கடைசியில் அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். நீ உடனே அடுத்த தட்டுக்குக் குனிந்தாய்.

நான் பெட்டியோடு கதவருகில் நின்றேன். விமானத்துக்கு நேரமாகியிருந்தது, உன்னைக் கூப்பிடவில்லை. கட்டியையும், ஊரையும், என்னையும் நீ மறந்திருந்தாய். அப்படி உன்னைக் கண்டவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.